சினைப்பருவ ஊசிகள்: எந்த ஹார்மோன், எந்த நாளில், எந்த மாட்டுக்கு

"கன்று போட்டு மூணு மாசமாச்சு, மாடு பருவத்துக்கே வரல, ஒரு ஊசி போடுங்க." கால்நடை மருந்தகத்தில் தினமும் கேட்கும் பேச்சு இது. ஆனால் பருவத்துக்கு வரவைக்கும் ஊசி என்று பொதுவாக ஒன்று கிடையாது. கையில் இருப்பவை மூன்று நான்கு ஹார்மோன்கள்தான். ஒவ்வொன்றும் மாட்டின் சூலகத்தில் ஏற்கெனவே இருக்கும் ஒரு பொருளுக்குக் கட்டளை இடுகிறது. அந்தப் பொருள் அன்று அங்கே இல்லையென்றால் மருந்துக் காசு வீண். இருந்தும் நேரம் தவறினால் கருவூட்டல் காசும் சேர்ந்து வீண்.

புதிதாகக் கறவைப் பண்ணை தொடங்குகிறவர்களுக்கும், கருவூட்டல் பயிற்சி முடித்து வேலைக்கு வருகிறவர்களுக்குமான வழிகாட்டி இது. இதில் வரும் மருந்துகள் எல்லாம் கால்நடை மருத்துவர் மாட்டைப் பரிசோதித்து எழுதித் தர வேண்டியவை. எந்த மாட்டுக்கு எது என்று முடிவு செய்வது அவர் வேலை. சொன்ன நாளில், சொன்ன மணிக்கு அது உடலுக்குள் போவதை உறுதி செய்வது பண்ணையாளரின் வேலை. தோல்விகளில் பெரும்பங்கு இந்த இரண்டாவது வேலையில்தான் நடக்கிறது.

மூளையிலிருந்து சூலகம் வரை

மூளையின் அடிப்பகுதியில் இருக்கும் ஹைப்போதலாமஸ், ஜி.என்.ஆர்.எச். என்ற ஹார்மோனைச் சுரக்கிறது. வெறும் 10 அமினோ அமிலங்கள் கோத்த சிறு சங்கிலி இது. 1971-இல் ஆண்ட்ரூ ஷாலி, ரோஜர் கில்மின் ஆகியோரின் குழுக்கள் இதன் அமைப்பைக் கண்டறிந்தன. 1977-இல் இருவரும் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள். இது புரதத் துண்டு என்பதால் வாய்வழி கொடுத்தால் செரிமானத்தில் சிதைந்துவிடும். ஊசியாக மட்டுமே தர முடியும்.

ஜி.என்.ஆர்.எச். இரத்தத்தில் சில நிமிடங்களே நிற்கும். அதற்குள் பக்கத்திலிருக்கும் பிட்யூட்டரி சுரப்பியைத் தூண்டி எல்.எச்., எஃப்.எஸ்.எச். என்ற இரண்டு ஹார்மோன்களை வெளியேற்றுகிறது. எஃப்.எஸ்.எச். சூலகத்தில் ஒரு கூட்டம் ஃபாலிக்கிள்களை, அதாவது முட்டையைச் சுமக்கும் நீர்க்குமிழ்களை, வளரத் தூண்டும். எல்.எச். அவற்றில் பெரியதை முதிரவைத்து, கடைசியில் வெடிக்கவும் வைக்கும்.

இதில் கவனிக்க வேண்டியது, ஜி.என்.ஆர்.எச். சீராக ஒழுகுவதில்லை, விட்டுவிட்டுத்தான் வெளியேறுகிறது. அந்தத் துடிப்பின் வேகமே செய்தி. மணிக்கு ஒன்று என்ற அளவில் வந்தால் பெரிய ஃபாலிக்கிள் முட்டை வெளியேற்றத் தயாராகும். பல மணி நேரத்துக்கு ஒன்று என்று தளர்ந்தால் ஃபாலிக்கிள் ஓரளவு வளர்ந்து சுருங்கிவிடும். இடைவெளியே இல்லாமல் தொடர்ந்து கொடுத்தாலோ பிட்யூட்டரி மரத்துப்போகும். "பலன் இல்லை, இன்னும் நாலு நாளைக்குத் தினமும் போடுங்கள்" என்று கேட்பது இதனால்தான் பயனற்றது.

துடிப்பைத் தளர்த்துவது புரோஜெஸ்டிரான். முட்டை வெளியேறிய இடத்தில் உருவாகும் கார்பஸ் லூட்டியம் என்ற மஞ்சள் கட்டி அதைச் சுரக்கிறது. மருத்துவர்கள் சுருக்கமாக சி.எல். என்பார்கள். சி.எல். இருக்கும்வரை மாடு பருவத்துக்கு வராது. பெரிய ஃபாலிக்கிள் சுரக்கும் ஈஸ்ட்ரோஜன் இரண்டு விதமாக நடந்துகொள்ளும். புரோஜெஸ்டிரான் அதிகமாக உள்ளபோது அதுவும் சேர்ந்து மூளையை அடக்கும். புரோஜெஸ்டிரான் வடிந்த பிறகு அதே ஈஸ்ட்ரோஜன் மூளையைத் தூண்டி, ஜி.என்.ஆர்.எச்.-ஐயும் அதன் வழியே எல்.எச்.-ஐயும் ஒரே வீச்சில் பெருக்கெடுக்கச் செய்யும். மாடு கத்துவது, பிற மாடு தாவ அசையாமல் நிற்பது, கண்ணாடி போல் தெளிந்த கோழை வழிவது எல்லாம் இந்த ஈஸ்ட்ரோஜனின் வேலை.

21 நாள் கணக்கு

மாட்டின் பருவச் சுழற்சி சராசரியாக 21 நாள். 18 முதல் 24 வரை இயல்பு. பருவம் தொடங்கும் நாளை 0 என்று வைத்துக்கொள்ளுங்கள். எல்.எச். பெருக்கம் கிட்டத்தட்ட அன்றே நடக்கும். முட்டை வெளியேறுவது பருவம் தொடங்கி 24 முதல் 32 மணி நேரத்தில், அதாவது வெளி அறிகுறிகள் அடங்கிய பிறகு. வெளியேறிய முட்டைக்கு ஆயுள் 10 மணி நேரம் அளவுதான். விந்தணுவோ கருப்பைக்குள் போனதும் உடனே கருத்தரிக்கும் திறன் பெறுவதில்லை. சில மணி நேரம் அங்கே பக்குவப்பட வேண்டும். காலையில் பருவம் கண்டால் மாலையில், மாலையில் கண்டால் மறுநாள் காலையில் கருவூட்டல் என்ற பழைய விதி இந்தக் கணக்கிலிருந்து வந்தது.

5-ஆம் நாள் வரை சி.எல். இளசு. அதன் பிறகு முற்றிப் புரோஜெஸ்டிரானைப் பெருக்கும். 16, 17-ஆம் நாளில் கருப்பை நிலவரத்தைப் பார்க்கிறது. உள்ளே கரு வளர்ந்தால் அது இன்டர்ஃபெரான் டௌ என்ற புரதத்தைச் சுரந்து தன் இருப்பைத் தெரிவிக்கும், சி.எல். காப்பாற்றப்படும். கரு இல்லையென்றால் கருப்பை புரோஸ்டாகிளாண்டின் எஃப்-2 ஆல்ஃபாவைச் சுரக்கும். அது கருப்பைச் சிரையிலிருந்து ஒட்டியோடும் சூலகத் தமனிக்கு நேரே கசிந்து சி.எல்.-ஐக் கரைக்கும். புரோஜெஸ்டிரான் வடியும், அடுத்த பருவம் வரும்.

இதற்கிடையில் ஃபாலிக்கிள்கள் சும்மா இருப்பதில்லை. ஒரு சுழற்சியில் இரண்டு அல்லது மூன்று அலைகளாக வளரும். ஒவ்வொரு அலையிலும் ஒன்று மட்டும் முந்திப் பெரிதாகும். ஈஸ்ட்ரோஜனும் இன்ஹிபினும் சுரந்து எஃப்.எஸ்.எச்.-ஐக் குறைத்து மற்றவற்றைப் பட்டினி போடும். கலப்பின மாடுகளில் முட்டை வெளியேற்றும் ஃபாலிக்கிள் 12 மில்லிமீட்டருக்கு மேல் இருக்கும். காங்கேயம், உம்பளாச்சேரி போன்ற நாட்டினங்களில் சற்றுச் சிறியது, பருவ நேரமும் குறைவு. இரவில் வந்து விடிவதற்குள் முடிந்துபோவதும் உண்டு.

பருவம் முடிந்து ஒன்றிரண்டு நாளில் சில மாடுகளின் வாலடியில் இரத்தம் கலந்த கோழை தெரியும். சினை பிடித்ததற்கோ பிடிக்காததற்கோ இது அடையாளம் அல்ல. பருவம் போய்விட்டது என்பதற்கான தேதி முத்திரை. பருவத்தைத் தவறவிட்டவர் இந்த இரத்தத்தைப் பார்த்த நாளைக் குறித்துக்கொண்டால், அடுத்த பருவம் ஏறக்குறைய 19 நாளில் என்று கணக்கு வைக்கலாம். ஊசித் திட்டம் தொடங்கவும் இந்தத் தேதி மருத்துவருக்கு உதவும்.

முதல் படி: மாட்டை வகை பிரிப்பது

ஊசிக்கு முன் மலக்குடல் வழிப் பரிசோதனை கட்டாயம். ஸ்கேன் கருவி கிடைத்தால் இன்னும் நல்லது. முதல் கேள்வி, மாடு சினையா? "ஊசி போட்டுச் சினை பிடிக்கவில்லை" என்று கொண்டுவரும் மாடுகளில் சினை மாடும் இருக்கும். புரோஸ்டாகிளாண்டின் போட்டால் அது கருச்சிதைவில் முடியும். சினையின் முதல் ஐந்து மாதம் கருவைத் தாங்குவதே சி.எல். சுரக்கும் புரோஜெஸ்டிரான்தான்.

சினை இல்லையென்று உறுதியானதும் சூலகத்தைப் பார்க்க வேண்டும். மூன்று விதமான மாடுகள் வரும்.

சி.எல். இருக்கிறது, ஆனால் பருவம் கண்ணில் படவில்லை. இந்த மாட்டுக்கு நோய் இல்லை, சுழற்சி ஓடிக்கொண்டிருக்கிறது. பருவம் அமைதியாக வந்துபோகிறது அல்லது பார்க்க ஆளில்லை. கட்டுத்தறியிலேயே நிற்கும் ஒற்றை மாடுகளில் இதுதான் அதிகம். தாவ இன்னொரு மாடு இல்லாதபோது அறிகுறி எப்படித் தெரியும்? மருந்துக்கு மிக நன்றாகப் பணிவது இந்த வகை.

சூலகம் சிறிதாக, வழவழப்பாக, சி.எல். இல்லாமல் இருக்கிறது. பத்து நாள் கழித்துப் பார்த்தாலும் அதே நிலை. இதுதான் உண்மையான பருவமின்மை. துடிப்பு மூளையிலேயே தளர்ந்திருக்கிறது. கன்று ஈன்றதும் பாலுக்குப் போகும் சத்து தீனியில் வரும் சத்தை மிஞ்சும்போது இன்சுலினும் ஐ.ஜி.எஃப்.-1 என்ற ஹார்மோனும் குறையும், எல்.எச். துடிப்பு மந்தமாகும். கன்று உடனிருந்து ஊட்டுவதும் துடிப்பை அடக்கும். காம்பை உறிஞ்சுவது மட்டுமல்ல காரணம். தன் கன்று என்று தாய் பார்த்தும் முகர்ந்தும் அறிவதே போதும்.

மூன்றாவது, 25 மில்லிமீட்டருக்கு மேல் வீங்கிய ஃபாலிக்கிள் வெடிக்காமல் நாள்கணக்கில் நிற்கிறது, சி.எல். இல்லை. இது நீர்க்கட்டி. சில மாடுகள் அடிக்கடி பருவ அறிகுறி காட்டும், சில ஒன்றுமே காட்டாது. கையால் அழுத்தி உடைக்கும் வழக்கம் இன்னும் சில இடங்களில் இருக்கிறது. சூலகம் சுற்றியுள்ள சவ்வோடு ஒட்டிக்கொண்டால் மாடு நிரந்தர மலடாகிவிடும். செய்ய விடாதீர்கள்.

கன்று ஈன்று 60 நாள் ஆகியிருக்க வேண்டும், கருப்பையில் சீழ் இருக்கக் கூடாது. உடல்கட்டு 1 முதல் 5 வரையுள்ள மதிப்பீட்டில் 2.5-க்குக் கீழே போன மாட்டுக்கு முதலில் தேவை தீனி. அடர்தீவனம், தாது உப்புக் கலவை, குடற்புழு நீக்கம் செய்து நாலைந்து வாரம் தேற்றிய பிறகு ஊசியைப் பற்றிப் பேசலாம்.

மருந்துகளும் அளவுகளும்

ஜி.என்.ஆர்.எச். வகையில் நம் பகுதியில் அதிகம் கிடைப்பது புசெரலின். இயற்கை ஹார்மோனில் ஓரிரு அமினோ அமிலங்களை மாற்றிச் செய்தது, வீரியம் பல மடங்கு. ஒரு மி.லி.யில் 4 மைக்ரோகிராம் உள்ள மருந்தில் 2.5 மி.லி., அதாவது 10 மைக்ரோகிராம் வழக்கமான அளவு. நீர்க்கட்டிக்கு 5 மி.லி. வரை போகும். கொனடொரெலின் என்றால் 100 மைக்ரோகிராம். போட்ட இரண்டு மணி நேரத்தில் எல்.எச். உச்சம் தொடும்.

புரோஸ்டாகிளாண்டினில் இரண்டு: டைனோப்ரோஸ்ட் 25 மில்லிகிராம் (5 மி.லி.), குளோப்ரோஸ்டினால் 500 மைக்ரோகிராம் (2 மி.லி.). மி.லி. கணக்கை மட்டும் மனப்பாடம் செய்யாதீர்கள். கம்பெனிக்குக் கம்பெனி செறிவு மாறும். சீசாவில் ஒரு மி.லி.யில் எவ்வளவு என்று படித்துக் கணக்கிடுங்கள்.

புரோஜெஸ்டிரானை ஊசியாக அல்லாமல் யோனிக்குள் வைக்கும் சாதனமாகத் தருவார்கள். சிலிக்கானில் கலந்த மருந்து மெல்லக் கசியும். வெளியே எடுத்ததும் ஒரே நாளில் அளவு சரியும். அந்தச் சரிவுதான் இங்கே மருந்து.

ஓவ்சிங்க்: பருவம் பார்க்காமலே கருவூட்டும் திட்டம்

அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் பர்ஸ்லி, மீ, வில்ட்பேங்க் ஆகியோர் 1995-இல் வெளியிட்ட திட்டம் இது. பருவத்தைக் கண்ணால் பார்க்கும் தேவையை நீக்கி, முட்டை வெளியேறும் நேரத்தையே நம் கைக்குக் கொண்டுவந்தது. கிழமையோடு எழுதினால் மறக்காது:

1. திங்கள் காலை 8 மணி: ஜி.என்.ஆர்.எச். முதல் ஊசி.
2. அடுத்த திங்கள் காலை 8 மணி: புரோஸ்டாகிளாண்டின்.
3. செவ்வாய் காலை 8 மணி: புரோஸ்டாகிளாண்டின் மறுபடி, அதே அளவு. பழைய திட்டத்தில் இது இல்லை; ஆனால் சேர்ப்பது நல்லது.
4. புதன் மாலை 4 மணி: ஜி.என்.ஆர்.எச். இரண்டாம் ஊசி.
5. வியாழன் காலை 8 மணி: பருவ அறிகுறி இருந்தாலும் இல்லாவிட்டாலும் கருவூட்டல்.

ஏன் 7 நாள்? முதல் ஊசி அன்று இருக்கும் பெரிய ஃபாலிக்கிளை வெடிக்க வைக்கும். ஏறக்குறைய 28 மணி நேரத்தில் முட்டை வெளியேறும். அடுத்து இரண்டு காரியம் ஒன்றாகத் தொடங்கும். காலியான இடத்தில் புது சி.எல். உருவாகும்; எஃப்.எஸ்.எச். உயர்ந்து புது அலையும் புறப்படும். ஏழாம் நாளில் அந்த சி.எல்.-க்கு ஐந்தாறு நாள் வயது, புரோஸ்டாகிளாண்டினுக்குப் பணியத் தொடங்கும் பருவம். புது அலையின் தலைமை ஃபாலிக்கிளுக்கும் ஐந்து நாள் வயது. அதற்கு முன்பே போட்டால் சி.எல். சரியாகக் கரையாமல் போகலாம். பத்தாம் நாளுக்குத் தள்ளினால் ஃபாலிக்கிள் கிழடாகும், முட்டையின் தரம் கெடும்.

செவ்வாய்க்கிழமை ஊசியைச் சேர்க்கச் சொல்வதற்கும் காரணம் அந்த இளம் சி.எல். ஒரு ஊசியில் அது பாதி கரைந்து மறுபடி தலைதூக்குவது உண்டு. புரோஜெஸ்டிரான் சிறிதளவு மிஞ்சினாலும் சினை பிடிக்கும் வாய்ப்பு வெகுவாகக் குறையும். வெளியில் எந்த அறிகுறியும் தெரியாது. திட்டம் சரியாக நடந்தது போலவே இருக்கும்.

புரோஸ்டாகிளாண்டினுக்கும் கடைசி ஜி.என்.ஆர்.எச்.-க்கும் இடையே 56 மணி நேரம். ஃபாலிக்கிள் ஈஸ்ட்ரோஜனில் ஊறி முதிர அந்த நேரம் வேண்டும். "புதன் மாலை வர முடியாது, காலையிலேயே போட்டுவிடுகிறேன்" என்றால் 48 மணி நேரம் ஆகிறது. பழைய முறையில் அப்படியும் செய்தார்கள், பலன் சற்றுக் குறைவு. செவ்வாய் மாலைக்கு முன்னிழுத்தால் கெட்டது. புதன் மாலை 4 மணிக்குப் போட்ட ஊசியால் முட்டை வெளியேறுவது வியாழன் மாலை 4 மணிக்கும் நள்ளிரவுக்கும் இடையே. முதல் ஆய்வில் 20 கறவை மாடுகளும் இந்த 24–32 மணி நேர இடைவெளிக்குள்ளேயே முட்டை வெளியேற்றின. காலை 8 மணிக்கு விந்து போனால் பக்குவப்பட எட்டு மணி நேரம் கிடைக்கிறது. வெள்ளிக்கிழமை காலை வரை கருவூட்டலைத் தள்ளினால் முட்டை பெரும்பாலும் முதுமையடைந்திருக்கும்.

இடையில் எந்த நாளிலாவது மாடு நன்றாகப் பருவத்துக்கு வந்து, பிற மாடு தாவ நின்றால் திட்டத்தை அங்கேயே நிறுத்திவிட்டு காலை-மாலை விதிப்படி கருவூட்டுங்கள். வியாழனுக்காகக் காத்திருந்தால் முட்டை போய்விடும்.

கிடேரிகளுக்கு ஓவ்சிங்க் அவ்வளவாகப் பொருந்தாது. அவற்றில் ஃபாலிக்கிள் அலைகள் வேகமாக மாறுவதால் முதல் ஊசிக்குப் பணிவது குறைவு. கிடேரியைக் கண்காணித்து இயற்கைப் பருவத்தில் கருவூட்டுவதோ, அடுத்து வரும் புரோஸ்டாகிளாண்டின் முறையோ மேல்.

சி.எல். உள்ள மாட்டுக்கு எளிய வழி

பருவத்தைப் பார்க்க ஆள் இருந்தால் முழுத் திட்டம் தேவையில்லை. முற்றிய சி.எல். இருப்பது உறுதியான மாட்டுக்கு ஒரே ஒரு புரோஸ்டாகிளாண்டின் ஊசி போதும். இரண்டு முதல் ஐந்து நாளில் பருவம் வரும். இந்த வித்தியாசம் ஏன் என்று பலர் குழம்புகிறார்கள். ஊசி சி.எல்.-ஐத்தான் கரைக்கிறது, ஃபாலிக்கிளை வளர்ப்பதில்லை. அன்று பெரிய ஃபாலிக்கிள் தயாராக இருந்தால் இரண்டு மூன்று நாளில் பருவம். அலை அப்போதுதான் தொடங்கியிருந்தால் நாலைந்து நாள். அந்த நாள்களில் விடியற்காலை, மதியம், மாலை, இரவு படுக்கும் முன் என நாலு முறை, ஒவ்வொரு முறையும் 20 நிமிடமாவது பார்க்க வேண்டும். மாடுகளை அவிழ்த்துவிட்டுப் பார்த்தால்தான் தெரியும்.

சூலகத்தைச் சோதிக்காமல் ஒரு கூட்டத்துக்கே போடுவதென்றால், சினை இல்லை என்று உறுதி செய்த பிறகு, 11 நாள் இடைவெளியில் இரண்டு ஊசி. முதல் ஊசி அன்று சுழற்சியின் தொடக்கத்தில் இருந்த மாடு பணியாது. 11 நாள் கழித்து அது சுழற்சியின் நடுவில் இருக்கும். முதல் ஊசிக்குப் பணிந்த மாடோ அப்போது புது சுழற்சியின் 7, 8-ஆம் நாளில் நிற்கும். இரண்டும் இரண்டாம் ஊசிக்குச் சேர்ந்தே பணியும்.

சூலகம் உறங்கும் மாட்டுக்கு

இங்கே புரோஸ்டாகிளாண்டின் போடுவது வீண், கரைக்க சி.எல். இல்லை. தேற்றிய உடலும் புரோஜெஸ்டிரான் சாதனமும்தான் வழி. பருவமே வராத மாட்டுக்குப் பருவத்தைத் தடுக்கும் ஹார்மோனா என்று தோன்றும். மூளை சில நாள் புரோஜெஸ்டிரானில் இருந்து வெளிவந்தால்தான் ஈஸ்ட்ரோஜனுக்குச் சரியாக அசையும். ஈன்ற பின் வரும் முதல் முட்டை வெளியேற்றம் பெரும்பாலும் அறிகுறியே இல்லாமல் நடப்பதும், அதை அடுத்த சுழற்சி பத்து நாளில் முடிந்துபோவதும் முன்கூட்டிய புரோஜெஸ்டிரான் இல்லாத குறையால்தான். சாதனம் அந்த இடத்தை நிரப்புகிறது.

முதல் நாள் சாதனத்தை வைத்து ஜி.என்.ஆர்.எச். போடுவார்கள். ஏழு நாள் கழித்து எடுத்து, புரோஸ்டாகிளாண்டினோடு இ.சி.ஜி. என்ற ஹார்மோன் 400 அலகு. இ.சி.ஜி. எஃப்.எஸ்.எச். போலவும் எல்.எச். போலவும் நடந்து ஃபாலிக்கிளைக் கைதூக்கிவிடும். அளவு கூடினால் ஒன்றுக்கு மேற்பட்ட முட்டைகள் வெளியேறும். பிறகு 56 மணி நேரத்தில் ஜி.என்.ஆர்.எச்., அடுத்த 16 மணி நேரத்தில் கருவூட்டல்.

வைக்கும்போது வெளியுறுப்பைக் கழுவித் துடைத்து, செலுத்தும் குழாயைக் கிருமிநாசினியில் நனைத்து, நுனியில் வழுக்கும் பசை தடவ வேண்டும். குழாயை முதலில் சற்று மேல்நோக்கிச் செலுத்தி, பின் கிடைமட்டமாக்கினால் சிறுநீர்த் துவாரத்தில் இடிக்காது. தொங்கும் நூலைக் குட்டையாக வெட்டிவிடுங்கள்; பக்கத்து மாடு நாக்கால் சுழற்றி இழுத்துவிடும். எடுக்கும்போது கொஞ்சம் கலங்கிய கோழை வருவது வழக்கம்தான். தினமும் காலையில் நூல் தெரிகிறதா என்று பாருங்கள். விழுந்திருந்தால் எந்த நாளில் விழுந்தது என்று மருத்துவரிடம் சொல்லுங்கள், கழுவி மறுபடி வைக்காதீர்கள்.

கன்று ஊட்டும் மாடானால் கன்றைத் தாயின் கண்ணில் படாத இடத்தில் கட்டி, கறக்கும் நேரத்தில் மட்டும் அவிழ்ப்பது உதவும். செலவில்லாத வழி இது, ஆனாலும் பலர் செய்வதில்லை.

கை, ஊசி, சீசா

எல்லாமே தசை ஊசி. கழுத்துத் தசையில், 18 கேஜ், ஒன்றரை அங்குல ஊசியால். கொழுத்த மாட்டின் பின்புறத்தில் குட்டை ஊசியால் போட்டால் மருந்து கொழுப்பில் தங்கிவிடும், 2 மி.லி. மருந்தில் அது பெரிய இழப்பு. மாட்டுக்கு ஒரு புது ஊசி. புரோஸ்டாகிளாண்டின் போட்ட இடத்தில், அழுக்கு ஊசியால் குளோஸ்ட்ரிடியம் கிருமி புகுந்து தசை அழுகி மாடு இறந்ததும் உண்டு. வாயுவோடு வீக்கம், காய்ச்சல் கண்டால் அன்றே மருத்துவரை அழைக்க வேண்டும்.

புரோஸ்டாகிளாண்டின் மனிதத் தோல் வழியே உடலுக்குள் போகும். கர்ப்பிணிகளும், கர்ப்பம் தரித்திருக்கக்கூடிய பெண்களும், ஆஸ்துமா உள்ளவர்களும் அந்தச் சீசாவைத் தொடவே வேண்டாம். கர்ப்பம் கலையலாம், மூச்சுக்குழல் சுருங்கலாம். மற்றவர்கள் கையுறை போட வேண்டும். சிந்தினால் உடனே சோப்புத் தண்ணீரில் கழுவ வேண்டும். நம் ஊரில் மாட்டைப் பிடித்துக்கொள்வது பெரும்பாலும் வீட்டுப் பெண்கள்தான் என்பதால் இதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

மருந்துகளை எப்படி வைப்பது என்று உறையில் இருக்கும். புரத வகை என்பதால் ஜி.என்.ஆர்.எச். வெயிலில் கெடும், பனிப்பெட்டியில் எடுத்துச் செல்லுங்கள், உறைய விடாதீர்கள். ஜி.என்.ஆர்.எச்., புரோஸ்டாகிளாண்டின் இரண்டும் தெளிந்த நீர் போலவே இருக்கும். சிரிஞ்சில் ஏற்றியதும் பெயர் எழுதி ஒட்டாவிட்டால் மாற்றிப் போடும் தவறு நடக்கும். முதல் திங்கள் புரோஸ்டாகிளாண்டின் போய்விட்டால் திட்டமே தலைகீழ். காது வில்லை எண், தேதி, மணி, மருந்து, அளவு, போட்டவர் என ஆறு கட்டம் உள்ள ஒரு நோட்டு தொழுவத்திலேயே தொங்கட்டும்.

கருவூட்டல் நாள்

விந்துக் குச்சியை திரவ நைட்ரஜன் கலனிலிருந்து எடுத்ததும் 37 டிகிரி வெந்நீரில் 30 விநாடி வைத்து, துடைத்து, கருவூட்டல் துப்பாக்கியில் ஏற்றி, 15 நிமிடத்துக்குள் செலுத்திவிட வேண்டும். வெப்பமானி இல்லாமல் கையால் தொட்டுப் பார்ப்பது, சட்டைப் பையில் வைத்து உருக்குவது இரண்டும் விந்தணுவைக் கொல்லும். செலுத்த வேண்டிய இடம் கருப்பை வாயைத் தாண்டியதும் வரும் கருப்பை உடல். அறிகுறி இல்லாத மாட்டில் கருப்பை வாய் சற்று இறுக்கமாக இருக்கும். பலவந்தம் செய்து குத்தாமல் பொறுமையாக வளையங்களைக் கடக்க வேண்டும்.

சினை பிடிக்காதபோது

எல்லாம் சரியாக நடந்தாலும் ஓவ்சிங்கில் ஒரு தடவைக்குச் சினை பிடிப்பது நூற்றுக்கு 30 முதல் 40 என்ற அளவில்தான். இயற்கைப் பருவத்தைச் சரியாகக் கண்டு கருவூட்டினாலும் பெரிதாக அதிகம் கிடைக்காது. திட்டத்தின் ஆதாயம் வேறு: பருவம் தெரியாமல் வீணாகும் 21 நாள்களை மிச்சப்படுத்துகிறது.

தோற்ற மாட்டில் முதலில் பார்க்க வேண்டியது நோட்டு. மணி தவறியதா, ஒரு ஊசி விட்டுப்போனதா? அடுத்து உடல்நிலை. மடிநோயும் காய்ச்சலும் எல்.எச். பெருக்கத்தைத் தாமதப்படுத்தும்; மாட்டை வண்டியில் ஏற்றி இறக்குவது, புது இடத்தில் கட்டுவது போன்ற அலைக்கழிப்பும் கார்ட்டிசால் வழியே அதையே செய்யும். திட்டம் ஓடும் பத்து நாளில் கொம்பு சுடுவது, தீவனத்தைத் திடீரென மாற்றுவது எதுவும் வேண்டாம். ஏப்ரல் முதல் ஜூன் வரை கலப்பின மாடுகளில் பலன் இறங்கும். ஊசி முட்டையை நேரத்துக்கு வெளியேற்றும், ஆனால் உடல் வெப்பத்தில் முதல் வாரக் கரு மடிவதை அதனால் தடுக்க முடியாது. அந்த மாதங்களில் நிழல், காற்று, உடம்பில் தண்ணீர் தெளிப்பு, நாள் முழுதும் குளிர்ந்த குடிநீர் கொடுக்க முடியாதவர்கள் திட்டத்தை மழைக்குப் பின் தள்ளிப்போடுவது நல்லது.

கருவூட்டி 18 முதல் 24 நாள் வரை மறுபடி பருவம் வருகிறதா என்று பாருங்கள். வந்தால் காலை-மாலை விதிப்படி கருவூட்டலாம், புது ஊசி வேண்டாம். வரவில்லை என்பதால் சினை என்று முடிவு கட்டாதீர்கள். அமைதிப் பருவ மாடு அப்போதும் அமைதியாகவே இருக்கும். ஸ்கேன் இருந்தால் 30-ஆம் நாளில், கையால் என்றால் 60-ஆம் நாளில் சோதனை. சினை இல்லை என்று தெரிந்த அன்றே சூலகத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். சி.எல். இருந்தால் அன்றே புரோஸ்டாகிளாண்டின் தொடங்கலாம், இல்லையென்றால் ஜி.என்.ஆர்.எச். அல்லது சாதனம். மூன்று முறை ஒழுங்காகச் செய்தும் நிற்காத மாட்டுக்கு நாலாவது திட்டம் வேண்டாம். கருப்பைத் தொற்று, சினைக்குழாய் அடைப்பு, விந்தின் தரம் ஆகியவற்றைச் சோதிக்க ஏற்பாடு செய்யுங்கள்.